முட்டை நின்றால் அறுப்பதா?

பெட்டைக் கோழி ஒன்று பத்து நாள் சேர்ந்தாற்போல் முட்டையிடவில்லை என்றால், நம் வீடுகளில் தீர்ப்புச் சொல்லத் தயங்குகிறவர்கள் குறைவு. "தின்னுட்டுச் சும்மாதான் திரியுது, ஞாயித்துக்கிழமை அடிச்சிருவோம்" என்கிறார் வீட்டுக்காரர். "கொழுப்பு வச்சிருச்சு, இனிமே இடாது" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். "உள்ள இருந்ததெல்லாம் தீந்துபோச்சு" என்கிறார் இன்னொருவர். சந்தைக்குக் கோழி பிடிக்க வரும் வியாபாரியும் இதையே சொல்கிறார். விலையைக் குறைக்க அவருக்குத் தோதான பேச்சு இது. பண்ணைத் தொழில் படித்தவர்கள்கூட 'உற்பத்தி நின்ற கோழியைக் கழித்துவிட வேண்டும்' என்று பாடம் ஒப்பிக்கிறார்கள்.

இத்தனை பேர் சொல்வதும் தவறு என்றே சொல்கிறேன். புறக்கடையில் திரியும் நாட்டுக்கோழி முட்டையை நிறுத்தினால், அது பெரும்பாலும் அதன் உடம்பு எடுத்துக்கொள்ளும் முறையான ஓய்வு. இல்லையென்றால் நாம் போடும் தீனியிலோ, கட்டிய கூட்டிலோ, வைத்த தண்ணீரிலோ குறை இருக்கிறது. இனி இடவே இடாது என்ற நிலைக்கு வந்த கோழி அரிது. எது காரணம் என்று பாராமல் கத்தியை எடுப்பது அறியாமை. அந்த அறியாமைக்கு விலை கொடுப்பவர் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்.

'தீர்ந்துபோச்சு' என்ற பேச்சிலிருந்து தொடங்கலாம். கோழிக்கு இடப்பக்கச் சூலகம் ஒன்றுதான் வேலை செய்கிறது. வலப்பக்கத்தது வளராமலே நின்றுவிடும். அந்த ஒற்றைச் சூலகத்தில் கருக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. நாட்டுக்கோழி ஆயுள் முழுக்க இட்டாலும் அதில் ஒரு சிறு பங்குதான் வெளியே வரும். வயது ஏறினால் எண்ணிக்கை குறையும், இடைவெளி நீளும் என்பது உண்மை. கையிருப்பு தீர்ந்து கோழி நிற்பது என்பது மட்டும் கிடையாது.

நம்பாதவர்கள் 'முட்டை நின்ற' கோழியை அறுக்கும் இடத்தில் நின்று பார்க்கலாம். வயிற்றைப் பிளந்ததும், முதுகெலும்பை ஒட்டி மஞ்சள் கருக்கள் கொத்தாகத் தொங்குவதைப் பல முறை காணலாம். ஒன்று எலுமிச்சை அளவு, அடுத்தது நெல்லிக்காய், அதற்கடுத்தது சுண்டைக்காய், பிறகு கடுகு கடுகாகக் கணக்கற்றவை. சில சமயம் ஓடு கட்டிய முழு முட்டையே உள்ளே இருக்கும். கறியைக் கழுவுகிறவர் அதைத் தனியே எடுத்துக் கிண்ணத்தில் வைப்பார்; குழம்பில் போட்டால் பிள்ளைகள் அடித்துக்கொண்டு சாப்பிடும். அந்தக் கொத்து சொல்வது ஒன்றுதான். இந்தக் கோழி நிற்கவே இல்லை. நேற்றும் இட்டது, நாளையும் இட்டிருக்கும். எங்கே இட்டது என்று நாம் தேடவில்லை, அவ்வளவுதான்.

அவிழ்த்துவிட்ட கோழி நாம் வைத்த கூடையில்தான் இட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கூடையில் பேன் பிடித்திருந்தாலோ, ஒரு நாள் நாய் துரத்தியிருந்தாலோ, இட்ட முட்டையை ஒன்றுவிடாமல் நாம் எடுத்துக்கொண்டே இருந்தாலோ, அது வைக்கோல் போரின் அடிப்பக்கம், வேலியோரப் புதர், விறகு அடுக்கின் சந்து என்று மறைவிடம் பார்த்துக்கொள்ளும். அங்கே இட்டதைக் கீரியும் பாம்பும் காக்கையும் கொண்டுபோயிருக்கலாம். காலையில் கோழி எந்தப் பக்கம் நழுவுகிறது, எங்கிருந்து கேறிக்கொண்டு வருகிறது என்று இரண்டு நாள் கவனித்தால் போதும். அல்லது மூன்று நாள் பஞ்சாரத்தில் கவிழ்த்து, உள்ளேயே தீனியும் தண்ணீரும் வைத்துப் பார்க்கலாம். இன்னொன்றும் உண்டு. ஒரு முட்டை உருவாகி வெளியே வர ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகிறது. அதில் 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே போய்விடும். அதனால் ஒவ்வொரு நாளும் நேரம் தள்ளிப்போய், ஒரு கட்டத்தில் ஒரு நாள் விட்டுத்தான் இடும். அந்த ஒரு நாள் இடைவெளியைக் கண்டு பதறுகிறவர்களும் இருக்கிறார்கள்.

உண்மையிலேயே நின்றிருக்கிறதா என்பதைக் கையால் தொட்டே அறியலாம். கிராமத்துப் பாட்டிகளுக்கு இது தெரியும். இரவு கோழி அடைந்த பிறகு போய் எடுங்கள். அப்போது அது திமிறாது. ஒரு கையால் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து, தலை முழங்கைப் பக்கம் போகும்படி கக்கத்தில் இடுக்கிக்கொள்ளுங்கள். மறு கை விரல்களை எச்சத்துவாரத்தின் கீழே வைத்தால், இரு பக்கமும் இரண்டு எலும்பு முனைகள் தட்டுப்படும். அவற்றின் நடுவே இரண்டு மூன்று விரல் தாராளமாக நின்றால் கோழி இட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு விரலுக்கே இடமில்லை என்றால் நின்றிருக்கிறது. இடுகிற கோழியின் துவாரம் அகன்று ஈரமாக இருக்கும். நின்றதற்குச் சுருங்கி உலர்ந்திருக்கும். கொண்டையும் சொல்லும்: இடும்போது சிவந்து தடித்துச் சூடாக இருப்பது, நின்றதும் வெளுத்துச் சுருங்கும். ஐந்து நிமிட வேலை. அறுக்கச் சொல்கிறவர்களில் இந்த ஐந்து நிமிடத்தைச் செலவழித்தவர் எத்தனை பேர்?

சரி, நின்றிருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். முதலில் கேட்க வேண்டியது, அடைக்கு உட்கார்ந்து எழுந்ததா என்பதை. நம் நாட்டுக்கோழி ஓர் ஈட்டுக்கு 10 முதல் 15 முட்டை இடும். பிறகு 21 நாள் அடை. பிறகு இரண்டு மாதம், சில சமயம் மூன்று மாதம்கூட, குஞ்சுகளோடு திரியும். இப்படி ஆண்டுக்கு மூன்று நான்கு ஈடு; மொத்தம் மிஞ்சிப்போனால் 60 முட்டை. 365 நாளில் முட்டை கிடைக்கும் நாள் 60 என்றால் மீதி 305 நாளும் அது 'நின்ற' கோழிதான். அந்த 305 நாளில் எந்த நாளில் வேண்டுமானாலும் வந்து, இது தின்றுவிட்டுச் சும்மா திரிகிறது என்று சொல்லிவிடலாம். அது சும்மா இருக்கிறதா? முட்டைகள் வயிற்றுச் சருமத்தில் பட்டுக்கொண்டிருக்கும்போது மூளையடிச் சுரப்பியிலிருந்து புரோலாக்டின் என்ற இயக்குநீர் பெருகுகிறது. அது சூலகத்தைச் சுருக்கிவிடுகிறது. தீனி பாதியாகி, உடம்பு இளைத்து, மூன்று வாரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து அது உயிர் கொடுக்கிறது. வெளியே வந்ததும் காக்கைக்கும் பருந்துக்கும் நடுவில் குஞ்சுகளைக் காக்கிறது.

இந்தக் குணத்தையே கேடாகப் பார்க்கும் பழக்கம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. அடை தெளிய வேண்டும் என்று கோழியின் மூக்குத் துவாரத்தில் இறகைக் குத்தி விடுகிறார்கள். தண்ணீரில் முக்கி எடுக்கிறார்கள். காலைக் கட்டி வெயிலில் போடுகிறார்கள். இது கொடுமை, தேவையும் இல்லை. அடை வேண்டாம் என்றால், அடியில் காற்றோடும் கம்பிவலைக் கூண்டில், வைக்கோலோ சாக்கோ இல்லாமல், வெளிச்சமான இடத்தில் தீனி தண்ணீரோடு நான்கைந்து நாள் விட்டால் வயிற்றுச் சூடு தணிந்து தானே தெளியும். குஞ்சு பொரித்த கோழி சீக்கிரம் இட வேண்டும் என்றால், குஞ்சுகளைச் சீக்கிரமே பிரித்து பல்பு வெப்பத்தில் வளர்க்கலாம். தாய் மீண்டும் முட்டைக்கு வரும்.

இதற்கு மேலும் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. நாமக்கல் பண்ணைகளில் நிற்கும் வெள்ளை லெகார்ன் வழிக் கோழிகள் ஆண்டுக்கு 300க்கு மேல் இடுகின்றன. எப்படி? அடைகாக்கும் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக் கழித்து உண்டாக்கிய கோழி அது. தன் முட்டையைத் தானே பொரிக்காது. இயந்திரம் பொரித்துக் கொடுக்க வேண்டும். அளந்த தீனி, 16 மணி நேர வெளிச்சம், கால அட்டவணைப்படி தடுப்பூசி என்று ஒரு தொழிற்சாலையே அதன் பின்னால் நிற்கிறது. அந்த 300ஐ அளவுகோலாக எடுத்துவந்து, குப்பைமேட்டில் தானே இரை தேடும் சிறுவிடைக் கோழியின் பக்கத்தில் வைப்பது என்ன நியாயம்? அடைகாப்பதில் பேர்போன நாட்டு இனம் சிறுவிடை. அடைக்கு உட்காரும் கோழியாகப் பார்த்துப் பார்த்து நாம் அறுத்துக்கொண்டே போனால், ஊரில் மிஞ்சுவது உட்காரத் தெரியாத கோழிகள்தான். பிறகு ஒவ்வொரு குஞ்சையும் காசு கொடுத்து வாங்க வேண்டும். நாட்டுக்கோழி முட்டைக்குக் கூடுதல் விலை வைக்கிறோம், அதன் ருசியைப் புகழ்கிறோம். அந்த இனம் தன்னைத்தானே பெருக்கிக்கொள்ள வைத்திருக்கும் ஒரே வழியை மட்டும் சோம்பல் என்கிறோம்.

அடை இல்லை, குஞ்சும் இல்லை என்றால் இறகைப் பாருங்கள். தலையிலும் கழுத்திலும் தொடங்கி உடம்பு, இறக்கை என்று பழைய இறகு உதிர்ந்து புதியது முளைக்கிறது என்றால், அதுவும் ஓய்வுக்காலம். இரண்டு மூன்று மாதம் போகலாம். இறகு முழுக்கவே புரதம். முட்டையும் புரதம். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய உடம்பில் முதல் இல்லாததால் கோழி ஒன்றை நிறுத்துகிறது. நாம் என்ன செய்கிறோம்? முட்டைதான் இல்லையே என்று தீனியைக் குறைக்கிறோம். அதிகமாகக் கொடுக்க வேண்டிய மாதத்தில் குறைத்துவிட்டு, பிறகு இன்னும் முட்டைக்கு வரவில்லை என்று குறைபட்டுக்கொள்கிறோம்.

தீனிதான் இந்த வழக்கின் நடுமையம். பெரும்பாலான வீடுகளில் கோழிக்குக் கிடைப்பது மிச்சச் சோறும் அரிசிக் குருணையும். ஒரு முட்டை ஓட்டுக்கு மட்டும் ஏறத்தாழ 2 கிராம் சுண்ணாம்புச்சத்து வேண்டும். 100 கிராம் அரிசியில் இருப்பது சுமார் 10 மில்லிகிராம். கணக்குப் போட்டால், ஒரே ஒரு முட்டையின் ஓட்டுக்கு 20 கிலோ அரிசி தின்ன வேண்டும்! கோழி என்ன செய்யும்? தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடு கட்டும். அதுவும் வற்றினால் ஓடு மெலியும், தோல்முட்டை விழும், கடைசியில் நிறுத்திவிடும். புரதமும் இதே கதைதான். முட்டைக்கோழித் தீவனத்தில் 16 முதல் 18 சதவீதம் புரதம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அரிசியில் 7 அல்லது 8தான். சோற்றைத் தின்று தின்று அடிவயிற்றில் கொழுப்புக் கட்டுவது உண்மைதான். 'கொழுப்பு வச்சிருச்சு' என்று சொல்கிறவர் இந்த இடத்தில் பாதி சரி. கோழி கொழுத்திருக்கிறது, ஆனால் பட்டினி கிடக்கிறது. கொழுக்க வைத்ததும் பட்டினி போட்டதும் நாம்.

முன்பெல்லாம் இதே சோற்றைத் தின்றுதானே இட்டது என்று கேட்பார்கள். அப்போது வீட்டுக்குப் பின்னால் எருக்குழி இருந்தது. மாட்டுச் சாணத்தில் புழு இருந்தது. வேலியில் கரையான் இருந்தது, மழைக்கு ஈசல் வந்தது, கீரையும் புல்லும் இருந்தன. சோறு வெறும் சேர்மானம்தான். சத்தைக் கோழி தானே கிளறி எடுத்துக்கொண்டது. இன்று கொல்லைக்குச் சிமெண்டுத் தளம் போட்டு, சுற்றி வலை கட்டி, நடுவில் சோற்றுத் தட்டை வைத்திருக்கிறோம். மாறியது கொல்லை. பழி மட்டும் கோழிக்கு.

சரிசெய்ய அதிகம் செலவில்லை. பழைய பானை ஒன்றில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலை, மட்டை என்று அடைத்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் காலையில் திறந்தால் பானைக்குள் கரையான் மொய்த்திருக்கும். கோழிகள் அந்தப் பானையைச் சுற்றி மிதித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க வேண்டும்! தமிழ்நாட்டில் கால்நடைத் துறையினரே பயிற்சிகளில் சொல்லித்தரும் முறை இது. கூடவே கொஞ்சம் கருவாட்டுத் தூள், அசோலா, கீரைத் தண்டு. ஒரு சட்டியில் கிளிஞ்சல் நொறுக்கோ, நன்றாகக் காயவைத்து நொறுக்கிய முட்டை ஓடோ தனியாக இருக்கட்டும். எவ்வளவு வேண்டும் என்று கோழிக்கே தெரியும். இதையெல்லாம் விட்டுவிட்டுக் கடையில் கால்சியம் டானிக் வாங்கி ஊற்றுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். அடையில் இருக்கும் கோழிக்கும் இறகு உதிர்க்கும் கோழிக்கும் எந்த டானிக்கும் முட்டை தராது. காரணம் தெரியாமல் கொடுக்கும் மருந்து காசுக்குக் கேடு.

பல்பு ஆலோசனையும் அப்படித்தான். 'குளிர்காலத்தில் பகல் குறைவதால் முட்டை நிற்கும், கூட்டில் விளக்குப் போடுங்கள்' என்று காணொளிகளில் சொல்கிறார்கள். லண்டனில் டிசம்பர் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு, ஜூன் பகல் பதினாறரை மணி. அங்கே அது சரி. சென்னையில் டிசம்பர் பகல் ஏறத்தாழ 11 மணி 20 நிமிடம். ஜூனில் 12 மணி 50 நிமிடம். தெற்கே போகப் போக வித்தியாசம் இன்னும் குறைவு. வெளிச்சம் கோழிக்கு முக்கியம்தான், பண்ணைக்காரர்கள் விளக்குப் போடுவதும் அதனால்தான். ஆனால் நம் ஊர்ப் புறக்கடையில் முட்டை நின்றதற்கு முதல் காரணமாக மார்கழியைச் சொல்வது, யாரோ ஊருக்கு எழுதிய மருந்துச் சீட்டை நம் கோழிக்குக் கொடுப்பது.

நம் ஊரில் பாடாய்ப் படுத்துவது வெயில். கோழிக்கு வியர்வை கிடையாது. வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அப்படி இளைக்கும்போது இரத்தத்திலுள்ள கரியமில வாயு குறைந்து, ஓடு கட்டும் வேலையே தடுமாறுகிறது, தீனியும் இறங்காது. சித்திரை, வைகாசியில் முட்டை குறைந்தால் அதில் வியப்பில்லை. முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர். காலையில் வைத்த பிளாஸ்டிக் டப்பாத் தண்ணீர் மதியம் கொதித்துக் கிடந்தால் கோழி குடிக்காது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் போனால் அந்தப் பாதிப்பிலிருந்து மீள வாரக்கணக்கில் ஆகலாம். நிழலில் மண்சட்டி, நாளைக்கு இரண்டு முறை புதுத் தண்ணீர், தீனியை அதிகாலையிலும் பொழுதுசாய்ந்தும் போடுவது: இதற்கு எந்த வீட்டிலும் வசதி இல்லாமல் இல்லை.

பேனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பகலில் பார்க்கிறவர் கண்ணுக்கு அது படவே படாது. கூட்டின் இடுக்கிலும் கோழி அடையும் கம்பின் வெடிப்பிலும் பகலெல்லாம் பதுங்கியிருந்து, இரவில் ஏறி இரத்தம் குடிக்கும் சிவப்புப் பேன் ஒன்று இருக்கிறது. இரவில் ஒரு வெள்ளைத் துணியால் அந்தக் கம்பின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். துணியில் செந்நிறக் கோடுகள் விழுந்தால் அது உங்கள் கோழியின் இரத்தம். கூட்டைக் காலி செய்து, கொதிநீர் ஊற்றி, வெயிலில் காயவிட்டு, சுண்ணாம்பு அடித்து, மணலும் சாம்பலும் கலந்த குழி ஒன்றையும் பக்கத்தில் வைத்துக் கொடுத்தால் கோழி புரண்டு எழுந்து தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். குடற்புழுவும் இப்படி உள்ளிருந்து உறிஞ்சுவதுதான். வெள்ளைக்கழிச்சல் வந்து பிழைத்த கோழி சில வாரங்கள் இடாமலோ கோணல் முட்டை இட்டுக்கொண்டோ இருக்கும். அதற்குத் தடுப்பூசி கால்நடை மருந்தகத்தில் கிடைக்கிறது. அதற்கான கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமும் நடக்கிறது. அந்த முகாமுக்குக் கோழியைக் கொண்டுபோகாதவர்களே, பின்னால் அது இடவில்லை என்று குற்றம் சொல்வதைப் பார்க்கிறோம்.

இவ்வளவுக்கும் ஒரு பதில் வரும். "ஏழை வீட்டில் இத்தனை ஆராய்ச்சிக்கு எங்கே நேரம்? இடாத கோழிக்குத் தீனி போட எங்கே காசு?" நியாயமான கேள்வி, கணக்காகவே பதில் சொல்லலாம். மேயும் கோழிக்கு நாம் போடுவது காலையில் ஒரு கைப்பிடி, மாலையில் ஒரு கைப்பிடி. அதை அறுத்துவிட்டு வேறொன்றை ஆளாக்க வேண்டும் என்றால், குஞ்சிலிருந்து முதல் முட்டைக்கு ஆறு மாதம் ஆகும். அந்த ஆறு மாதத்தில் காக்கை, பருந்து, கீரி, கழிச்சல் எல்லாவற்றிலும் தப்பினால்தான் அது கோழி. ஏற்கெனவே இதையெல்லாம் தப்பி, இரை தேடத் தெரிந்து, அடைகாக்கத் தெரிந்து நிற்கும் கோழியை இரண்டு மாத ஓய்வுக்காக இழப்பதுதான் நட்டம். ஏழைக்குத்தான் அந்த நட்டம் அதிகம் உறைக்கும்.

அந்த நட்டம் யார் கணக்கில் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கிராமத்து வீட்டில் ஆடு, மாடு, நிலம் எல்லாம் ஆண் பெயரில். கோழியும் முட்டையும்தான் பெண்ணின் சிறுவாடு. பிள்ளையின் நோட்டுக்கும், தாய் வீட்டுக்குப் போகும் பேருந்துக் கட்டணத்துக்கும், யாரிடமும் கேட்காமல் எடுக்க அவளுக்கு இருக்கும் ஒரே பணம் அதுதான். புறக்கடைக் கோழி வளர்ப்புக்கென்று அரசு குஞ்சு கொடுத்தபோது ஏழைப் பெண்களைப் பார்த்துக் கொடுத்ததும் இதனால்தான். ஆனால் விருந்தாளி வந்ததும் "அந்த இடாத கோழியப் பிடி" என்று சொல்கிறவர் அநேகமாக அவளாக இருப்பதில்லை. அது இப்போது ஓய்வில்தான் இருக்கிறது, அடுத்த மாதம் மீண்டும் முட்டைக்கு வரும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தாலும், கேட்பார் யார்?

எந்தக் கோழியையும் கழிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வயிறு தண்ணீர்ப் பையாக வீங்கி, கால்களை அகட்டி, உடம்பை நிமிர்த்தி நிற்கும் கோழிக்குக் கரு குழாயில் இறங்காமல் வயிற்றுக்குள் விழுந்து புண்ணாகியிருக்கலாம். அது மீள்வது கடினம், கறிக்கும் ஆகாது. கால்நடை மருத்துவரிடம் காட்டி முடிவு செய்ய வேண்டியது அது. அடையும் இல்லை, இறகும் உதிரவில்லை, நல்ல தீனி கொடுத்தாயிற்று, பேனும் புழுவும் பார்த்தாயிற்று, ஆனாலும் மாதக்கணக்கில் எலும்பு முனை விரியவில்லை என்றால் அதையும் விட்டுவிடலாம், மறுக்கவில்லை. ஆனால் வயதான கோழி என்ற ஒரே காரணத்துக்காக அவசரப்படாதீர்கள். ஈட்டுக்கு நான்கைந்து முட்டைதான் இடும் கிழக்கோழியும் அடைக்கு உட்காரும்போது இளங்கோழியைவிட உறுதியாக உட்காருவதுண்டு. மற்றக் கோழிகள் இட்டதில் பத்துப் பன்னிரண்டைப் பொறுக்கி அதன் அடியில் வைத்துவிட்டால், பொரித்து, குஞ்சுகளை வளர்த்துக் கொடுத்துவிடும். முட்டை கொடுத்த இளங்கோழிகள் அந்த மூன்று மாதமும் இடையில் நிற்காமல் அடுத்த ஈட்டுக்குப் போய்விடும்.